இரண்டு சம்பந்திகளும் நகரத்து நீச்சல் குளங்களும்

என் மாமியார் பஸ் ஓட்டுகிறார். சாதாரண பஸ் இல்லை. நடுவில் துருத்தி மாதிரி மடிப்பு வைத்து, இரண்டு வண்டிகளை ஒன்றாகக் கோத்த நீளமான பஸ். பணிமனையில் அவரை 'ரெட்டை வண்டி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற ஓட்டுநர்கள் முன்னும் பின்னும் போய் வியர்த்து விறுவிறுத்துத் திருப்புகிற முனையில், அவர் பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரே வளைப்பாக வளைத்துக் கொண்டுபோய் நிறுத்துவார். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி இறங்கி டீ குடிக்கப் போவார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுகிறேன்.

அந்தப் பணிமனைக்குள் அவர் முதலில் நுழைந்தது பஸ் கழுவுவதற்காக. என் கணவர் அப்போது கைக்குழந்தை. வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பிய மாமனார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கழுவி முடித்த வண்டியை நகர்த்தி வரிசையில் விட ஓர் ஓட்டுநர் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது அத்தைக்கு ஆகாது. ஒருநாள் மேஸ்திரியிடம் போய்ச் சாவியைக் கேட்டார்.

"வாளி பிடிக்கிற கைக்கு ஸ்டீயரிங் எதுக்கு?" என்று சிரித்தாராம் மேஸ்திரி.

"ரெண்டும் வட்டமாத்தானே இருக்கு," என்றாராம் அத்தை.

பணிமனை முற்றத்திலேயே ஓட்டிப் பழகி, உரிமம் வாங்கி, சின்ன வண்டியில் தொடங்கி ரெட்டை வண்டிக்கு வந்து சேர்ந்தார். எது வந்தாலும் "பாத்துக்கலாம்" என்பார். நானும் அந்தச் சொல்லைச் சொல்வதுண்டு. நான் சொன்னால் அந்தக் காரியத்தைத் தள்ளிப்போடுகிறேன் என்று பொருள். அத்தை சொன்னால் அது பாதி முடிந்துவிட்டது என்று பொருள்.

அப்படிப்பட்டவரின் வலது முழங்கால் சென்ற வருடம் முரண்டு பிடித்தது. பிரேக்கை மிதித்து மிதித்துத் தேய்ந்த மூட்டு. முதலில் படி இறங்கும்போது வலித்தது. பிறகு நாற்காலியிலிருந்து எழும்போதும் வலித்தது. பணிமனை மருத்துவர் காலை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, தெளிவாகச் சொல்லிவிட்டார்: தண்ணீருக்குள் நடக்க வேண்டும், நீந்தினால் இன்னும் நல்லது. அடுத்த உடல் பரிசோதனைக்குள் மூட்டைச் சுற்றியுள்ள தசைக்குப் பலம் வரவில்லை என்றால், வண்டியிலிருந்து இறக்கி அலுவலகத்தில் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

"என்னை நாற்காலியில உக்கார வச்சா நான் துருப்பிடிச்சுப் போயிடுவேன்," என்று வீட்டுக்கு வந்து சொன்னார் அத்தை. "தண்ணியில நடக்கணுமாம். பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பொது நீச்சல் குளம் இருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நான் தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். குளோரின் வாடை தெரு வரை வரும். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குத் துணையாக நானும் போனேன். அத்தை பருத்திக் கால்சட்டையும் முழங்கை வரை வரும் சட்டையும் போட்டு, தோளில் துண்டோடு தண்ணீரில் இறங்கத் தயாராகத்தான் வந்திருந்தார். வாசலில் இருந்த காவல்கார அம்மாள் கையை நீட்டி மறித்தார்.

"இந்தத் துணியோட இறங்கக் கூடாதும்மா. நூல் பிரிஞ்சு வடிகட்டியில போய் அடைச்சுக்கும். நீச்சல் உடுப்பு வேணும்."

"அந்தக் கையகலத் துணியா?"

"அதேதான்."

"எனக்கு வெட்கமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா பிடிக்காததை நான் போட மாட்டேன். அதே துணியில கையும் காலும் மூடற மாதிரி தச்சுட்டு வந்தா விடுவீங்களா?"

காவல்கார அம்மாள் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை ஒருமுறை படித்துப் பார்த்தார். "தொளதொளன்னு இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீளத்தைப் பத்தி ஒண்ணும் போடல. தச்சுட்டு வாங்க."

"அப்ப தையல்காரிகிட்ட போகணும்," என்று அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எங்களுக்குத் தெரிந்த தையல்காரி ஒருத்திதான். அவள் என் அம்மா.

அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் திருமணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அதற்காக அம்மா தன் சம்பந்திக்கு மயில் கழுத்து நிறத்தில் ஓர் உடை தைத்துக் கொடுத்திருந்தாள். கழுத்திலும் கையிலும் ஊசி வேலை. ஒரு மாதம் அதிலேயே உட்கார்ந்து அவளுக்குக் கண் பூத்துப்போனது. அன்று அத்தை வந்தது ஓட்டுநர் சீருடையில். சட்டைக் கையில் கிரீஸ் கறை. அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வண்டி நிக்குது" என்று சொல்லிக் கிளம்பிப் போய்விட்டார். அம்மா அப்போது வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகும் திறக்கவில்லை. எதுவானாலும் "உங்க அத்தைகிட்ட சொல்லு" என்று என் வழியாகத்தான் போகும். அத்தையும் "உங்கம்மாகிட்ட கேளு" என்று என் வழியாகவே திருப்பி அனுப்புவார். நடுவில் நான் தபால்காரி.

இப்போது அத்தை தபாலை நம்பவில்லை. அங்கிருந்து நேராக அம்மாவின் கடைக்கு நடந்தார். வலிக்கிற காலோடு அவ்வளவு வேகம். கடை சின்னது. இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓர் ஓவர்லாக் மெஷின், சுவர் நிறைய நூல்கண்டுகள், நடுவில் துணி வெட்டும் மேஜை. அம்மா கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க."

"வந்துட்டேன் சம்பந்தி. எனக்கு ஒரு நீச்சல் உடுப்பு தைக்கணும். கழுத்துலேருந்து கணுக்கால் வரைக்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நூல்கண்டுகளைப் பார்த்தேன்.

"தச்சுக் குடுத்தா போடுவாங்களான்னு கேளு," என்றாள் அம்மா என்னிடம்.

"போடலைன்னா தண்ணிக்குள்ளயே விட மாட்டேங்கறாங்க," என்றார் அத்தை. "போடாம எங்க போறது?"

அது சமாதானமா, இல்லையா என்று அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். தையல் என்று வந்துவிட்டால் அவளுக்குக் கோபமெல்லாம் இரண்டாம்பட்சம்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. அளவு பொய்யாயிடும்."

"நான் பிடிக்கல. நான் இருக்கிறதே இப்படித்தான்."

"சரி. அப்ப பேசிக்கிட்டே இருங்க."

அத்தை பேச ஆரம்பித்ததும் டேப் கொஞ்சம் நீண்டது. அம்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல் குறித்துக்கொண்டாள்.

முதல் உடுப்பு கரும்பச்சை நிறம். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிற துணி. போட்டுப் பார்த்தபோது அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அத்தை குளத்தின் படியில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்ததும், கழுத்து வழியாகப் புகுந்த காற்று வெளியே போக வழியில்லாமல் முதுகுப் பக்கம் திரண்டது. அத்தையின் முதுகில் இன்னொரு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு பச்சை மூட்டை எழும்பியது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தை திரும்பித் தன் முதுகைத் தட்டிப் பார்த்தார். 'புஸ்' என்று சத்தம் வந்தது. அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

ஈரத் தலையோடு கடைக்குப் போய் நின்றார். "சம்பந்தி, தையல் அருமை. ஆனா நான் பலூன் ஆயிட்டேன்."

அம்மாவின் முகம் சுருங்கியது. அவள் தைத்த துணி எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை. உடுப்பை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள்.

"காத்துல அளவெடுத்துத் தச்சா தண்ணியில எப்படி நிக்கும்? நான் நேர்ல பாக்கணும்," என்றாள்.

அடுத்த வாரம் அம்மா குளத்துக்கு வந்தாள். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, "திரும்புங்க, கையைத் தூக்குங்க, குனிங்க" என்று கட்டளை போட்டாள். தண்ணீர் ஓரத்தில் குண்டூசி கூடாது என்று உயிர்காப்பாளர் வந்து வாங்கி வைத்துக்கொண்டார். "மேலேருந்து பாத்தா அடியில என்ன நடக்குதுன்னு தெரியல," என்று புலம்பிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் அவளும் ஒரு நீச்சல் உடுப்பில் வந்து நின்றாள். "துணி மிச்சம் இருந்துச்சு," என்றாள். அத்தையுடையது கரும்பச்சை. அம்மாவுடையது நல்ல கத்தரிப்பூ நிறம். மிச்சத் துணிக்கு எப்படி நிறம் மாறியது என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கும் அப்பா போனில் கூப்பிட்டபோது விஷயத்தைச் சொன்னேன். "உங்கம்மா தண்ணியில இறங்கினாளா?" என்றார். "முப்பது வருஷமா கடல்ல கிடக்கேன். எனக்கே நீச்சல் தெரியாதே."

அத்தைக்குத் தைத்த மூன்றாவது உடுப்புதான் சரியாக அமைந்தது. கழுத்தை இறுக்கி, இடுப்பில் காற்று வெளியேற இரண்டு சின்னத் துளைகள் வைத்துத் தைத்திருந்தாள் அம்மா. அது சரியான வாரத்தில்தான் குளத்தின் தரை ஓடுகள் பெயர்ந்துவிட்டன என்று கதவை மூடினார்கள். திறக்க மாதக்கணக்கில் ஆகுமாம்.

"சரி, விடுங்க," என்றாள் அம்மா.

"எதை விடறது? ஊர்ல இது ஒண்ணுதான் குளமா?" என்றார் அத்தை. "எனக்குத் தெரியாத ரூட்டா?"

அப்படித்தான் அவர்கள் நகரத்தின் குளங்களைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் பைகளோடு கிளம்பிவிடுவார்கள். முடிந்தபோது நானும் போவேன். அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு பழைய குளம். பச்சை ஓடு பதித்தது. அங்கே ஒருவர் தும்மினால் நான்கு பேர் தும்மியது போல எதிரொலிக்கும். விளையாட்டு அரங்கத்தின் உச்சி மாடியில் இன்னொன்று. அதன் கண்ணாடிச் சுவர் வழியாக ஊர் முழுக்கத் தெரியும். அங்கே அத்தைக்கு உடற்பயிற்சியே ஓடவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, கீழே போகிற பஸ்களைப் பார்த்து, "பாரு, எப்படி வளைக்கிறான் பாரு. கண்ணாடியைப் பாக்கறானா?" என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலைகளின் பக்கம் ஒரு குளம் இருந்தது. கால் வைத்ததும் அம்மா, "இது குளமில்ல, ஐஸ் பெட்டி," என்று சொல்லித் திரும்பி நடந்துவிட்டாள். ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் அவள் துணி மாட்டும் கொக்கிகளைப் பார்ப்பாள். கொக்கி சரியில்லாத குளம் அவளிடம் பாஸ் ஆகாது.

ரயில் பாலத்தின் அடியில் இருந்த குளத்தில்தான் இரண்டு பேரும் நீந்தக் கற்றார்கள். ரயில் போகும்போதெல்லாம் தண்ணீர் மேல் முழுக்க மெல்லிய நடுக்கம் ஓடும். அங்கே கற்றுக்கொடுப்பவருக்குத் தொண்டை கட்டிப்போனதால் எல்லாவற்றையும் விசிலிலேயே சொல்வார். ஒரு விசில் என்றால் காலை உதை. இரண்டு என்றால் மூச்சு எடு. நீளமாக ஊதினால், உன்னை வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை என்று அர்த்தம். அத்தைக்கு நீள விசில்தான் அதிகம். அவர் நீந்தினால் பக்கத்து இரண்டு லேன்களுக்கும் மழை. அம்மாவோ முதல் நாளே தண்ணீரில் மல்லாந்து மிதந்தாள். ஒல்லியான உடம்பு, பயந்த முகம், ஆனால் காகிதம் போல அப்படியே கிடந்தாள்.

"உங்கம்மா மூச்சை முழுசா வெளிய விடாமயே பழகினவ. அதான் மிதக்கறா," என்று என்னிடம் அத்தை சொன்னார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர்கள் எப்போதும் முன் இருக்கையில்தான் உட்காருவார்கள். ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் அத்தையின் வலது கால் தரையை மிதிக்கும். ஒருநாள் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நீங்க பயணியா வந்தாலும் ஓட்டிக்கிட்டேதான் வருவீங்களா?"

"பழக்கம்."

"அன்னைக்கும் அதே பழக்கம்தானா?" என்றாள் அம்மா திடீரென்று. "கல்யாணத்தன்னைக்கு?"

பின் இருக்கையில் நான் ஈரத் துண்டை மடிக்க ஆரம்பித்தேன். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"என்னை மாத்திவிட வேண்டியவன் மயங்கி விழுந்துட்டான் சம்பந்தி. வண்டி நிறைய ஜனம். பாதி வழியில இறங்குங்கன்னு சொல்லிட்டு வர முடியுமா? வண்டியை அந்த ஆபீஸ் வாசல்லயே நிறுத்தி, ஜனங்ககிட்ட பர்மிஷன் கேட்டுட்டு உள்ள வந்தேன். அத்தனை பேரும் போய்ட்டு வாங்கன்னு சொன்னாங்க."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

அடுத்த நிறுத்தம் தாண்டியதும் அம்மா பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினாள். அத்தை இரண்டு எடுத்துக்கொண்டார். அதோடு எனக்கு மிச்சமிருந்த தபால்காரி வேலையும் இல்லாமல் போனது.

அதன் பிறகுதான் பெரிய குளம். ஊரின் தெற்குப் பக்கம், திறந்த வெளியில், ஐம்பது மீட்டர் நீளம். ஒரு முனையில் இடுப்பளவு. போகப் போகத் தரை கீழே சரிந்து, நடுவிலேயே ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். அத்தை கரையில் நின்று அதை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். புது ரூட்டைப் பார்க்கிற பார்வை.

"நான் அந்தக் கோடி வரைக்கும் போறேன்."

"நீங்க இன்னும் கால் ஊன்றாம பாதிக் குளம் போனதில்லை," என்றாள் அம்மா.

"ஊன்றத் தரை இருந்தா ஊன்றத்தான் தோணும். இங்க அந்தத் தொல்லை இல்ல."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அம்மா என் கையில் துண்டைத் திணித்துவிட்டுப் பக்கத்து லேனில் இறங்கினாள்.

முதல் பாதி ஜோராகப் போனது. தண்ணீர் இரண்டு பக்கமும் தெறித்தது. பிறகு தெறிப்பு குறைந்தது. அத்தை தலையைத் தூக்கினார். கால் தரையைத் தேடியது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. தரை இல்லை. ஒரு தடவை வாயில் தண்ணீர் போய் இருமினார். கை மிதவைக் கயிற்றுப் பக்கம் நீண்டது, எட்டவில்லை. உயர நாற்காலியில் இருந்த உயிர்காப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். அத்தையின் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றுதான்.

அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"சம்பந்தி, மல்லாந்து படுங்க."

"முழுகிடுவேன்."

"வண்டியை நியூட்ரல்ல போடுங்க. கையையும் காலையும் விட்டுடுங்க. அது தானா நிக்கும். நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அத்தை கண்களை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். தலை உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு வயிறு, பிறகு கால் விரல்கள். மிதந்தார். வானத்தைப் பார்த்தபடி கரும்பச்சையும் கத்தரிப்பூவும் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கிடந்தன. உயிர்காப்பாளர் உட்காரவில்லை, ஆனால் கையிலிருந்த மிதவையை இறக்கி வைத்தார்.

"இப்ப லேசா உதைங்க. லேசா. மழை வேண்டாம்," என்றாள் அம்மா.

அத்தை உதைத்தார். முதன்முறையாகத் தண்ணீர் தெறிக்கவில்லை. அப்படியே, மல்லாந்தபடியே, இரண்டு பேரும் மெதுவாக அந்தக் கோடி வரை போனார்கள். அத்தையின் தலை சுவரில் 'டொக்' என்று முட்டியதும்தான் வந்து சேர்ந்தது தெரிந்தது.

நான் கரையோரமாக ஓடிப்போய்த் துண்டை நீட்டினேன். அத்தை ஏணியைப் பிடித்து ஏறினார். மூச்சு வாங்கியது.

"பாத்தியா, போயிட்டேன்," என்றார். கொஞ்சம் நிதானித்து, "நடுவுல ஒரு ஸ்டாப்பிங் இருந்துச்சு. அவ்வளவுதான்," என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, அவள் ஏறுவதற்குக் கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே விடவில்லை.

உடல் பரிசோதனை நாளில் மருத்துவர் அத்தையைக் குந்தி எழச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், படி ஏறி இறங்கச் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் செய்துவிட்டு, "வேணும்னா நீந்திக் காட்டட்டுமா?" என்று கேட்டாராம். வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் உடை மாற்றும் அறைகளில் பெண்கள் அம்மாவை நிறுத்திக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். "இது எந்தக் கடையில கிடைக்கும்?" ஆசையிருந்தும் தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. கடையில் இன்னொரு ஓவர்லாக் மெஷின் வந்தது. உதவிக்கு ஒரு பெண்ணைச் சேர்த்தாள். பணிமனைப் பெண்களை அத்தை கூட்டம் கூட்டமாக அனுப்பினார். பஸ் கழுவுகிறவர்கள், நடத்துநர்கள், இன்னும் மூன்று ஓட்டுநர்கள். ரயில் பாலத்துக் குளத்தில் இப்போது ஞாயிறு காலை நின்றால் கடை போட்ட மாதிரி அத்தனை நிறம். விசில்காரர் புது விசில் வாங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் கணவரும் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்போம். இரண்டு பேரும் ஈரத் தலையோடு வந்து, இருப்பதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, எங்கள் சோபாவின் இரண்டு முனைகளிலும் சாய்ந்து தூங்குவார்கள். போன வாரம் ஊரின் எல்லையில் புதிதாகத் திறந்த குளத்துக்குப் போய் வந்தார்கள். வந்ததிலிருந்து அம்மாவுக்குக் குறைதான். தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கிறதாம், கொக்கிகள் போதாதாம், வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் ரொம்ப தூரமாம்.

"அப்ப அடுத்த வாரம் வேற எங்கயாவது போங்க," என்றேன்.

"இல்ல, அங்கயேதான் போறோம்," என்றாள் அம்மா, குழம்பு ஊற்றிக்கொண்டே. "ஆழம் நல்லா இருக்கு."